எஞ்சினைச் செய்த எந்திரங்கள்

நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பெரும்பாலானோர் ஜேம்ஸ் வாட் என்பார்கள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள், அவருக்கு முன்பே தாமஸ் நியூகோமன் இருக்கிறார் என்று திருத்துவார்கள். வாட்டின் எஞ்சினுக்குச் சிலிண்டர் கடைந்து கொடுத்தவர் யார் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. எஞ்சின் பற்றிய யோசனைகள் ஐரோப்பாவில் நெடுங்காலமாகவே இருந்தன. கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1670களில் வெடிமருந்தை வைத்துப் பிஸ்டனை நகர்த்தப் பார்த்தார். டெனி பாப்பான் 1690இல் அதையே நீராவியை வைத்துச் செய்தார். யோசனைக்குப் பஞ்சமே இல்லை. ஒழுங்கான ஒரு வட்டத் துளைக்கும், நேரான ஒரு தண்டுக்கும், தட்டையான ஒரு பரப்புக்கும்தான் பஞ்சம்.

இந்த மூன்றையும் இரும்பில் செய்யக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய நூறு வருடம் ஆனது. அதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் நடந்தது. எஞ்சினைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அந்தப் பட்டறைகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அடிப்படை. பழைய நீராவி எஞ்சின், இன்றைய கார் எஞ்சின் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். சிலிண்டர் என்கிற குழாய்க்குள் பிஸ்டன் என்கிற அடைப்பு போய்வருகிறது. ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் பிஸ்டன் மறுபக்கம் நகர்கிறது, அந்த நகர்வை வேலையாக மாற்றிக்கொள்கிறோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் என்ன ஆகும்? எவ்வளவு வேகமாக அடித்தாலும் டயருக்குள் காற்று போகாது, பிஸ்டனின் ஓரமாகவே திரும்பி வந்துவிடும். எஞ்சினிலும் அதே கதைதான். ஓரத்தில் கசிந்தால் அழுத்தம் வீண். சரி, இறுக்கமாகச் செய்துவிடலாமே என்றால், பிஸ்டன் சிக்கி நின்றுவிடும். கசியவும் கூடாது, சிக்கவும் கூடாது. அதற்குச் சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில், சரியான வட்டமாக, வளையாமல் இருந்தாக வேண்டும்.

நியூகோமன் இந்தச் சிக்கலைச் சாமர்த்தியமாகத் தாண்டினார். 1712இல் இங்கிலாந்தில் டட்லி கோட்டைக்கு அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க அவர் நிறுத்திய எஞ்சினின் சிலிண்டர் 21 அங்குல விட்டம், ஏறக்குறைய 8 அடி உயரம். அதற்குள் நீராவியை நிரப்பி, குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் நீராவி சுருங்கித் தண்ணீராகி உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். நிமிடத்துக்கு 12 முறை. பிஸ்டனின் விளிம்பில் தோல் பட்டை சுற்றி, பிஸ்டனுக்கு மேலே கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்தார். சிலிண்டர் சற்றுக் கோணலாக இருந்தாலும் அந்தத் தண்ணீர் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடியது. ஆனால் நிலக்கரியில் இருந்த வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வேலையாக மாறவில்லை. சுரங்கத்தின் வாசலிலேயே நிலக்கரி கிடைத்ததால் கட்டுபடியானது, வேறு இடத்தில் ஆகாது.

வாட்டுக்கு 1765இல் தோன்றிய யோசனை இந்த விரயத்தை ஒழிக்கத்தான். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரையே குளிர வைத்து மறுபடி சூடாக்குவதால்தான் இவ்வளவு கரி வீணாகிறது. நீராவியைக் குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துவிட்டு, சிலிண்டரை எப்போதும் சூடாகவே வைத்திருக்கலாம். அருமையான யோசனை. ஆனால் சிலிண்டர் சூடாக இருக்க வேண்டுமென்றால் பிஸ்டனின் மேல் தண்ணீர் நிற்கக்கூடாது. நியூகோமனின் உத்தி அதோடு கைவிட்டுப் போனது. இப்போது சிலிண்டர் உண்மையிலேயே வட்டமாக இருந்தாக வேண்டும்.

ஸ்காட்லாந்தில் கின்னீல் என்ற ஊரில் வாட் செய்து பார்த்த எஞ்சினில் கசிவை அடைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தக்கை, எண்ணெயில் ஊறிய துணி, சணல், பழைய தொப்பி, காகிதம், குதிரைச் சாணம் எல்லாம் வைத்துப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. அந்தக் காலத்தின் பெரிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன், இவ்வளவு நுணுக்கமான எந்திரத்தைச் செய்யக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்ற கருத்தில் இருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை. யோசனை பிறந்து பதினோரு வருடம் கழித்துத்தான் வாட்டின் எஞ்சின் ஒன்று தொழிலுக்கு வந்தது. முதல் பங்குதாரர் ஜான் ரோபக் கடனில் மூழ்கியதும் தாமதத்துக்குக் காரணம்தான். ஆனால் பணம் இருந்திருந்தாலும் வட்டமான சிலிண்டரை எங்கே போய் வாங்குவது?

சிலிண்டரைக் கடைவது

சிலிண்டரை முதலில் வார்ப்பில் ஊற்றி எடுப்பார்கள். வார்ப்பு ஆறும்போது கோணும், உட்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். அதனால் நடுவில் ஒரு நீண்ட கம்பியை விட்டு, அதன் முனையில் உளிகளைப் பொருத்தி, தண்ணீர்ச் சக்கரத்தால் சுழற்றி உள்ளே கடைவார்கள். இங்கேதான் பிரச்சினை. கம்பிக்கு ஒரு முனையில் மட்டுமே பிடிமானம். மறுமுனையில் இருக்கும் கனமான உளித்தலை, சிலிண்டரின் அடிப்பக்கத்தின் மேலேயே உட்கார்ந்து நகரும். வார்ப்பு எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே உளியும் வளைந்து போகும். மேடு பள்ளம் குறைந்து பளபளப்பாகும், கோணல் மட்டும் அப்படியே இருக்கும். ஸ்மீட்டன் உளித்தலையின் எடையைத் தாங்க உள்ளே சக்கரம் வைத்த ஒரு சிறு வண்டியை ஓடவிட்டார். அந்த வண்டியும் கோணலான சுவரின் மேல்தானே ஓடியாக வேண்டும்.

இதைத் தீர்த்தவர் ஜான் வில்கின்சன். வேல்ஸில் பெர்ஷாம் என்ற இடத்தில் இரும்பு ஆலை வைத்திருந்தவர். பீரங்கிக் குழாய்களைக் கடையும் முறைக்கு 1774இல் காப்புரிமை பெற்றிருந்தார். அடுத்த வருடம் எஞ்சின் சிலிண்டருக்கென்று வேறொரு எந்திரம் செய்தார். சிலிண்டரை அசையாமல் கட்டிவைத்தார். ஒரு தடித்த கம்பியை அதன் ஒரு வாயில் விட்டு மறுவாயில் வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் பேரிங்கில் தாங்க வைத்தார். உளித்தலை சுழலும் கம்பியின் மேலேயே மெதுவாக நகர்ந்துகொண்டு போகும். சிலிண்டர் சுவரை அது வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதே இல்லை. அதற்கு வழி சொல்வது கம்பி, கம்பி நேராக இருந்தால் துளையும் நேராக இருக்கும்.

கம்பிக்கு இன்னொரு முனையிலும் ஒரு தாங்கல். கேட்க அவ்வளவுதான். இதை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பின்னால் வந்த எல்லா நுணுக்க எந்திரங்களின் அடிப்படையும் இதில் இருக்கிறது: வெட்டப்படும் பொருள் உளிக்கு வழி சொல்லக்கூடாது, எந்திரம்தான் சொல்ல வேண்டும்.

வாட்டின் புதிய பங்குதாரர் மாத்யூ போல்டன் அடுத்த வருடம் மகிழ்ச்சியோடு ஒரு கடிதம் எழுதினார். டிப்டனில் நிறுத்திய 50 அங்குலச் சிலிண்டரில் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிழை இல்லை என்று. அதாவது ஒன்றேகால் மீட்டர் விட்டத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர். இன்றைக்கு எந்தப் பட்டறையிலும் இதை ஏற்க மாட்டார்கள். 1776இல் இது அதிசயம். தன் ஊதுலைக்குக் காற்றடிக்க வாட்டின் எஞ்சின் ஒன்றை வில்கின்சனே வாங்கிக்கொண்டார். அடுத்த இருபது வருடத்துக்கு போல்டன்-வாட் எஞ்சின்களின் சிலிண்டர்களில் பெரும்பாலானவை அவருடைய ஆலையிலிருந்துதான் வந்தன.

உளியைக் கையிலிருந்து வாங்கிய லேத்

சிலிண்டர் கிடைத்துவிட்டது. எஞ்சினில் சிலிண்டர் மட்டுமா இருக்கிறது? பிஸ்டன் தண்டு நேராகவும் உருண்டையாகவும் வேண்டும். வால்வு, அச்சு, திருகு, மூடி எல்லாம் வேண்டும். 1800க்கு முன் இவற்றைச் செய்ய இருந்தவை சுத்தியல், உளி, அரம், அப்புறம் ஒரு லேத். அந்த லேத்தில் பொருள் சுழலும், உளியை ஆள் கையில் பிடித்து அழுத்த வேண்டும். மரத்துக்கு அது சரி. இரும்பில் உளி குதிக்கும், கை களைக்கும், காலையில் செய்ததும் மாலையில் செய்ததும் ஒரே அளவில் இருக்காது.

ஹென்றி மாட்ஸ்லி லண்டனில் ஜோசப் பிரமா என்ற புகழ்பெற்ற பூட்டுத் தயாரிப்பாளரிடம் வேலை பார்த்தவர். வாரத்துக்கு 30 ஷில்லிங் சம்பளம். குடும்பம் பெரிதானதால் கூட்டிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1797இல் வெளியே வந்து சொந்தமாகப் பட்டறை வைத்தார். அந்தச் சமயத்தில் அவர் செய்த லேத்தில் உளியைப் பிடிப்பது மனிதக் கை அல்ல, தடித்த இரும்புப் பிடி. அந்தப் பிடி, லேத்தின் நீளத்துக்கு ஓடும் தட்டையான தடத்தின் மேல் நகரும். அதை நகர்த்துவது லீட் ஸ்க்ரூ என்கிற நீண்ட திருகு. பொருள் சுழலும் வேகத்துக்கும் அந்தத் திருகு சுழலும் வேகத்துக்கும் இடையே பல்சக்கரங்கள். சக்கரங்களை மாற்றினால் உளி முன்னேறும் வேகம் மாறும். ஆக, ஒரே லேத்தில் விதவிதமான இடைவெளியில் மரை, அதாவது திருகைச் சுற்றிச் சுற்றிப் போகும் வரி, வெட்டலாம், ஒரே மாதிரி எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம்.

இதையெல்லாம் மாட்ஸ்லிதான் முதலில் கண்டுபிடித்தார் என்று சில நூல்கள் எழுதிவிடுகின்றன. அது சரியல்ல. பிரான்ஸில் வோக்கன்சன், இங்கிலாந்தில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் போன்றவர்கள் அவருக்கு முன்பே இந்த உறுப்புகளைக் கையாண்டிருக்கிறார்கள். மாட்ஸ்லியின் பெருமை, இவற்றை ஒன்றாகச் சேர்த்து, முழுக்க இரும்பில், கனமாக, அன்றாட வேலைக்கு உதவும் எந்திரமாக ஆக்கியதுதான். ஆராய்ச்சிக் கருவி செய்பவரின் மேசையில் இருந்ததை எஞ்சின் செய்பவரின் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய கைவண்ணத்துக்கு ஒரு சான்று: 5 அடி நீளம், 2 அங்குல விட்டத்தில் அவர் வெட்டிய ஒரு திருகில் அங்குலத்துக்கு 50 மரை. அதில் ஏறிய நட்டு ஒரு அடி நீளம், உள்ளே 600 மரை. அந்த 600 மரையும் திருகின் மரையோடு ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். இடைவெளியில் மயிரிழைப் பிழை இருந்தாலும் அது கூடிக்கூடி, பாதி வழியிலேயே நட்டு இறுகி நின்றுவிடும். அது இறுகாமல் ஓடியது.

பட்டறையில் அளவு பற்றி வாக்குவாதம் வந்தால் தீர்த்து வைக்க அவர் ஒரு அளவுக்கருவி வைத்திருந்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாராளமாகப் பிரித்துக் காட்டும் மேசை மைக்ரோமீட்டர். அதற்கு அவர் வைத்த பெயர் ‘லார்டு சான்ஸ்லர்’, அதாவது நாட்டின் தலைமை நீதிபதி. அதன் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது. அவர் இறந்த பிறகு, 1838இல் அட்லாண்டிக்கைக் கடந்த கிரேட் வெஸ்டர்ன் நீராவிக் கப்பலுக்கு எஞ்சின் செய்து கொடுத்தது அவருடைய பட்டறைதான். சிலிண்டர்கள் ஒவ்வொன்றும் 73 அங்குலத்துக்கு மேல்.

முதல் தட்டை எங்கிருந்து வந்தது?

லேத்தின் உளிப்பிடி நேராக நகர வேண்டுமானால் அது ஓடும் தடம் தட்டையாக இருக்க வேண்டும். அந்தத் தடத்தைத் தட்டையாக்க இன்னொரு தட்டையான எந்திரம் வேண்டும். அதைச் செய்ய இன்னொன்று. அப்படியானால் உலகத்தின் முதல் தட்டையான பரப்பை எதை வைத்துச் செய்தார்கள்? இந்தக் கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

எஞ்சினுக்குத் தட்டை ஏன் தேவை என்பதை முதலில் பார்த்துவிடலாம். நீராவியைச் சிலிண்டரின் இரண்டு பக்கமும் மாறி மாறி விடுவது ஸ்லைடு வால்வு. துளைகள் உள்ள ஒரு தட்டையான முகத்தின் மேல் ஒரு சின்னப் பெட்டி முன்னும் பின்னும் சறுக்கி, துளைகளைத் திறந்து மூடும். இரண்டு முகங்களும் ஒட்டி உட்காராவிட்டால் நீராவி வால்விலேயே ஓடிப்போகும். லீட்ஸ் நகரத்தில் நல்ல எஞ்சின்களுக்குப் பெயர்போன மாத்யூ மரே, இந்த வால்வு முகங்களைச் சமப்படுத்த ஓர் இழைப்பு எந்திரத்தை ரகசியமாகவே வைத்திருந்தார். போட்டிக்காரர்கள் பார்த்துவிடக்கூடாது என்ற கவலை.

சரி, பதில். மூன்று வார்ப்பிரும்புத் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். அ-வின் மேல் மெல்லியதாகச் சாயம் பூசி, ஆ-வை அதன்மேல் வைத்து லேசாகத் தேய்த்து எடுக்க வேண்டும். ஆ-வில் மேடாக இருக்கும் இடங்களில் மட்டும் சாயம் ஒட்டியிருக்கும். கூர்மையான சுரண்டியால் அந்த மேடுகளை மட்டும் மெல்லச் சுரண்ட வேண்டும். திரும்பச் சாயம், திரும்பச் சுரண்டல். கடைசியில் இரண்டும் எல்லா இடத்திலும் ஒட்டி உட்காரும்.

இப்போது இரண்டும் தட்டையாகிவிட்டனவா? சொல்ல முடியாது. அ நடுவில் குமிழ்ந்தும், ஆ அதே அளவு குழிந்தும் இருக்கலாம். இரண்டும் அழகாகப் பொருந்தும், இரண்டும் தப்பு. இங்கேதான் மூன்றாவது தகடு வருகிறது. இ-யையும் அ-வுக்குப் பொருந்தும்படி சுரண்டுங்கள். அ குமிழ்ந்திருந்தால் இ-யும் ஆ-வைப் போலவே குழிந்திருக்கும். இப்போது ஆ-வையும் இ-யையும் ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். இரண்டும் குழிவு, ஓரத்தில் மட்டும்தான் தொடும். பிழை வெளிப்பட்டுவிட்டது. அந்த ஓரங்களை இரண்டிலும் சமமாகச் சுரண்டிப் பொருத்திவிட்டு, மறுபடி அ-விடம் வரவேண்டும். தகடுகளைக் குறுக்கே திருப்பி வைத்தும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் முறுக்கு ஒளிந்துகொள்ளும். மூன்றும் ஒன்றோடொன்று எப்படி மாற்றி வைத்தாலும் பொருந்தும் நிலை வந்தால், மூன்றும் தட்டை. வேறு வழியே கிடையாது. ஸ்கேலும் இல்லாமல், வேறொரு தட்டையான பொருளும் இல்லாமல், மூன்று கோணல் தகடுகளிலிருந்தே தட்டை பிறந்துவிடுகிறது.

மாட்ஸ்லியின் பட்டறையில் தட்டையான தகடுகளை வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தது. அங்கே வேலை கற்ற ஜோசப் விட்வொர்த் இதை ஒரு முறையாக நிலைநிறுத்தி, 1840இல் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் கூட்டத்தில் விளக்கினார். அதுவரை பலர் தகடுகளுக்கிடையே அரைக்கும் தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தூள் ஒரே சீராகப் பரவாது, மேடு பள்ளம் பாராமல் எல்லாவற்றையும் தின்னும், அதனால் சுரண்டுவதுதான் சரி என்பது விட்வொர்த்தின் வாதம். எந்திரத் தடங்களைக் கையால் சுரண்டிச் சீர்செய்யும் ஃபிட்டர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தட்டையான மாதிரி கிடைத்ததும், அதை வைத்து எந்திரத்தைத் தட்டையாக்கலாம், அந்த எந்திரம் பொருளைத் தட்டையாக்கும். ரிச்சர்ட் ராபர்ட்ஸ் 1817இல் செய்த இழைப்பு எந்திரத்தில் பொருள் ஒரு மேசையின் மேல் போய்வரும், மேலே நிற்கும் உளி வரிவரியாகச் சீவும். அவரும் மாட்ஸ்லியிடம் இருந்தவர்தான். இதனால் விலையில் என்ன ஆனது என்பதை விட்வொர்த் பின்னாளில் சொன்னார்: ஒரு சதுர அடி வார்ப்பிரும்பைக் கையால் சமப்படுத்தக் கூலி 12 ஷில்லிங், எந்திரத்தில் ஒரு பென்னிக்கும் குறைவு. 12 ஷில்லிங் என்றால் 144 பென்னி. எஞ்சின் பணக்காரச் சுரங்க முதலாளியின் சொத்தாக இருந்த நிலை மாறியதற்கு இந்தக் கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன்.

திருகு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது, ஒரு போல்ட்டின் நட்டு இன்னொன்றில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, 1841இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை, ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று அட்டவணை. இதன் பலன் 1850களில் கிரிமியப் போர் சமயத்தில் தெரிந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கு 90 நாளில் 90 எஞ்சின் வேண்டும் என்றார்கள். எந்த ஓர் ஆலையாலும் முடியாத காரியம். ஜான் பென் என்ற எஞ்சின் தயாரிப்பாளர் மாதிரி எஞ்சின்களைப் பிரித்து, ஆளுக்கொரு பாகமாகப் பல ஆலைகளுக்கு அனுப்பிவிட்டார். வெவ்வேறு ஊரில் செய்த பாகங்கள் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன, பொருந்தின.

அழுத்தம் ஏற ஏற

வாட்டின் எஞ்சின்கள் வெளிக்காற்றைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தில்தான் ஓடின. 1800இல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களுக்குக் கதவு திறந்தது. ரிச்சர்ட் ட்ரெவிதிக் உயர் அழுத்த நீராவியைக் கையிலெடுத்தார், 1804 பிப்ரவரியில் வேல்ஸின் பெனிடாரன் இரும்பு ஆலையில் தண்டவாளத்தில் ஒரு எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அழுத்தம் கூடினால் சின்ன எஞ்சினிலேயே நிறைய சக்தி கிடைக்கும், எஞ்சினைச் சக்கரத்தின் மேல் ஏற்றலாம். ஆனால் முன்பு மெதுவாகக் கசிந்தது இப்போது சீறிக்கொண்டு கசியும்.

பிஸ்டனைச் சுற்றி அப்போது அடைத்தது கொழுப்பில் ஊறிய சணல். அடிக்கடி இறுக்க வேண்டும், சூடு கூடினால் கருகிவிடும். மான்செஸ்டரில் ரயில்வே பொறியாளராக இருந்த ஜான் ராம்ஸ்பாட்டம் 1852இல் இதை மாற்றினார். பிஸ்டனைச் சுற்றி மெல்லிய பள்ளங்கள் வெட்டி, அதில் ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையங்களை மாட்டினார். வளையம் சிலிண்டரைவிடப் பத்து சதவீதம் பெரியது. அதை அமுக்கி உள்ளே விட்டால், தன் இயல்பான அளவுக்கு விரியப் பார்த்து சுவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். தேயத் தேய விரிந்து கொடுக்கும். ஆனால் வட்டமாகச் செய்த வளையம் அமுக்கியதும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துவதில்லை என்று பிறகு கண்டார். அதனால் வேண்டுமென்றே வட்டமில்லாமல் செய்தார், உள்ளே போனதும் அழுத்தம் சீராகும்படி. அப்படிச் செய்த வளையங்கள் 4,000 மைல் வரை தாங்கின.

இன்று பைக் எஞ்சினில் புகை வந்தால் மெக்கானிக் ‘ரிங் மாத்தணும்’ என்கிறாரே, அந்த ரிங் இதுதான். சிலிண்டரும் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து, அதாவது துளையைச் சற்றுப் பெரிதாக மறுபடி கடைந்து, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். சிலிண்டர் நீள்வட்டமாகிவிட்டால் எத்தனை புது ரிங் போட்டாலும் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும். ராம்ஸ்பாட்டத்தின் ரிங், வில்கின்சனின் துளை இல்லாமல் வேலைக்கு ஆகாது.

எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே எரியும் எஞ்சினுக்கு இந்தக் கண்டிப்பு இன்னும் கூடியது. 1860இல் எத்தியன் லெனுவார் செய்த வாயு எஞ்சின் கலவையை அழுத்தாமலே எரித்தது. ஓடியது, ஆனால் எரிவாயுவை ஏகத்துக்கும் குடித்தது. 1876இல் நிக்கோலாஸ் ஓட்டோ, கலவையை முதலில் அழுத்திவிட்டுப் பிறகு பற்றவைக்கும் நான்கு வீச்சு எஞ்சினைக் கொண்டுவந்தார். அதில் தீப்பொறி இல்லை. வெளியே எரியும் சுடரை ஒரு சறுக்கு வால்வு சட்டென்று உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம், வெளியே சுடர், நடுவில் சறுக்கும் இரண்டு தட்டையான முகங்கள். விட்வொர்த்தின் தகடுகள் இல்லாத உலகத்தில் அந்த வால்வு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ருடால்ஃப் டீசல் இன்னும் ஒரு படி மேலே போனார். காற்றை மட்டும் மிகக் கடுமையாக அழுத்தினால் அது தானாகவே சூடேறும், அதில் எரிபொருளைப் பீய்ச்சினால் சுடரும் பொறியும் இல்லாமல் பற்றிக்கொள்ளும். வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல 30 மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும். கசிவு இருந்தால் நீராவி எஞ்சின் சோம்பலாகவாவது ஓடும். டீசல் எஞ்சின் ஓடவே ஓடாது, ஏனென்றால் அழுத்தம் ஏறாவிட்டால் சூடும் ஏறாது. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் எந்திர ஆலையில் 1893இல் தொடங்கிய சோதனைகளில் முதல் எஞ்சின் தானாக ஓடவில்லை. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்த எஞ்சின் 20 குதிரைத்திறன் தந்தது. எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறியது. நியூகோமன் எஞ்சினில் ஒரு சதவீதம்கூட இல்லை என்று பார்த்தோம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு பாகம் மட்டும் கையை நம்பியே இருந்தது: கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டனின் போய்வருதலைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த அச்சு. அதன் கழுத்துகளை லேத்தில் கடைந்து, அரத்தால் அராவி, மெருகேற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் 1876இல் செய்த சாணைக்கல் எந்திரம், கடினமாக்கிய எஃகையும் நுட்பமாகத் தேய்க்க வழிசெய்திருந்தது. ஆனால் அது மென்மையான கடைசி மெருகுக்குத்தான். சார்லஸ் நார்ட்டன் என்ற பொறியாளர், அகலமான சாணைக்கல்லும் கனமான உடலும் கொண்டு, ஒரே மூச்சில் தேய்த்து முடிக்கும் எந்திரம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மாசசூசெட்ஸின் வூஸ்டரில் அவர் 1903இல் கொண்டுவந்த எந்திரம், கிராங்க் ஷாஃப்ட் கழுத்துக்கு அதுவரை ஆன ஐந்து மணி நேர வேலையைப் பதினைந்து நிமிடத்தில் முடித்தது. அதை வாங்கியவர்களில் ஹென்றி ஃபோர்டும் ஒருவர்.